நோயாளியா, காதலரா? எச்ஐவி பற்றிய படங்களைப் பார்ப்பது எப்படி

எச்ஐவி பற்றிய படம் என்றதும் பெரும்பாலானவர்கள் மனதில் ஓடும் காட்சி ஒன்றுதான். மெலிந்துபோன உடல், விடாத இருமல், ஆஸ்பத்திரிக் கட்டில், பக்கத்தில் கண்ணீரோடு ஒருவர், கடைசியில் சாவு. அதில் காதல் இருந்தால் அந்தக் காதலுக்கு ஒரே வேலை, பணிவிடை. நெற்றியில் ஈரத்துணி வைக்க வேண்டும், கஞ்சி ஊட்ட வேண்டும், கையைப் பிடித்துக்கொண்டு வழியனுப்ப வேண்டும். அந்த இருவரும் சண்டை போட்டிருப்பார்கள், சிரித்திருப்பார்கள், ஒரே போர்வைக்குள் தூங்கியிருப்பார்கள் என்பதெல்லாம் நமக்கு நினைவுக்கு வருவதில்லை. படங்கள் அதை நமக்கு அதிகம் காட்டியதில்லை.

சினிமா எச்ஐவியை எப்படிக் காட்டிவந்திருக்கிறது, அதில் காதலுக்கு என்ன இடம் கிடைத்தது, இந்தப் படங்களைப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பதைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு படம் எச்ஐவி உள்ளவரை நோயாளியாக மட்டும் காட்டுகிறதா, ஆசைப்படவும் ஆசைப்படப்படவும் கூடிய ஆளாகக் காட்டுகிறதா? படத்தை எடைபோட இந்தக் கேள்வி போதும். நடிப்பு, விருது, இசை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

வைரஸ் வேறு, எய்ட்ஸ் வேறு

கொஞ்சம் மருத்துவம் தெரிந்தால்தான் இந்தப் படங்கள் புரியும். எச்ஐவி என்பது ஒரு வைரஸ். நம் ரத்தத்தில் சிடி4 என்ற வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. கிருமி உள்ளே வந்தால் மற்ற அணுக்களை முடுக்கிவிட்டுச் சண்டைக்கு அனுப்புபவை அவைதான். எச்ஐவி அவற்றுக்குள் புகுந்து, பெருகி, அவற்றையே அழிக்கிறது. மருந்து சாப்பிடாவிட்டால் வருடக்கணக்கில் சிடி4 எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 200க்குக் கீழே போய்விட்டால், மற்றவர்களை ஒன்றும் செய்யாத கிருமிகள்கூட ஆளைச் சாய்த்துவிடும். அந்தக் கட்டத்துக்குத்தான் எய்ட்ஸ் என்று பெயர். எச்ஐவி உள்ள எல்லோருக்கும் எய்ட்ஸ் இல்லை. காலத்தோடு கண்டுபிடித்து ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கட்டத்துக்குப் போவதே இல்லை.

ஆணுறை இல்லாத உடலுறவு, தொற்றுள்ள ரத்தம், ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்துவது, தாயிடமிருந்து குழந்தைக்கு என்ற வழிகளில்தான் இது பரவுகிறது. கட்டிப்பிடித்தால் வராது. முத்தமிட்டால் வராது. ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. கொசு கடித்தும் வராது.

1981 ஜூனில், லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த அபூர்வமான நிமோனியா பற்றி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு குறிப்பு வெளியிட்டது. இந்த நோய் உலகத்துக்குத் தெரியவந்தது அதில்தான். 1983இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். 1985இல் ரத்தப் பரிசோதனை வந்தது. 1987இல் ஏஇசட்டி என்ற முதல் மருந்து வந்தது. ஆனால் ஒரே மருந்தைக் கொடுத்தால் வைரஸ் சீக்கிரமே அதற்குப் பழகிக்கொள்ளும். 1996 வாக்கில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சை வந்த பிறகுதான் நிலைமை தலைகீழானது. இருக்கிற பணத்தையெல்லாம் செலவழித்துவிட்டுச் சாவுக்குக் காத்திருந்தவர்கள் எழுந்து மறுபடி வேலைக்குப் போனார்கள்.

அப்புறம், இன்னும் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். மருந்தை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸின் அளவு பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், அவரிடமிருந்து உடலுறவு வழியாகத் துணைக்கு எச்ஐவி பரவாது. இதை உறுதிசெய்த பெரிய ஆய்வுகளில் ஒன்று 2019இல் வெளியானது. ஒருவருக்கு எச்ஐவி இருந்து மற்றவருக்கு இல்லாத 782 ஆண் ஜோடிகளை ஐரோப்பாவில் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். ஆணுறை இல்லாமல் உறவுகொண்ட அந்த ஜோடிகளில், மருந்து சாப்பிட்ட துணையிடமிருந்து வந்த தொற்று ஒன்றுகூட இல்லை. காதலைப் பற்றிய மருத்துவச் செய்தி இதைவிடப் பெரிதாக இருக்க முடியாது. ஆனால் இதை மையமாக வைத்துப் பெரிய திரையில் வந்த கதைகள் மிகக் குறைவு.

ஆகவே ஒரு படத்தைப் பார்க்க உட்காரும்போது, கதை எந்த வருடத்தில் நடக்கிறது என்பதை முதலில் கவனியுங்கள். 1996க்கு முன்பு என்றால் அந்தச் சாவு நியாயமானது. கதை இன்று நடக்கிறது, மருந்தும் கைக்கு எட்டுகிறது, ஆனாலும் கதாநாயகன் பரிசோதனை முடிவைப் பார்த்த மறு ரீலில் படுத்த படுக்கையாகிவிடுகிறான் என்றால் அந்தப் படம் நமக்குப் பொய் சொல்கிறது.

செத்துக்கொண்டிருந்தவர்கள் எடுத்த படங்கள்

ஆரம்பகாலப் படங்களைப் பற்றிப் பேசும்போது ஹாலிவுட்டிலிருந்து தொடங்குவது வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. அமெரிக்காவில் இந்த நோய் முதலில் தாக்கியது தன்பாலீர்ப்புள்ள ஆண்களை. முதலில் படம் எடுத்தவர்களும் அவர்கள்தான், கையிலிருந்த சொற்பப் பணத்தில். 1985இல் 'படீஸ்' எடுத்த ஆர்தர் பிரஸ்ஸன் ஜூனியர் 1987இல் இறந்துவிட்டார். 1986இல் 'பார்ட்டிங் கிளான்சஸ்' எடுத்த பில் ஷெர்வுட் 1990இல் இறந்தார். இருவரையும் கொண்டுபோனது எய்ட்ஸ். பிரான்சில் சிரில் கொலார் தன் சொந்த வாழ்க்கையை ஒட்டி எடுத்த படம் 1993இல் அந்நாட்டின் உயரிய சீசர் விருதை வாங்கியபோது அவர் இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஆங்கிலேய இயக்குநர் டெரெக் ஜார்மன் பார்வை மங்கிக்கொண்டிருந்த நிலையில் 1993இல் 'ப்ளூ' எடுத்தார். படம் முழுக்கத் திரையில் நீல நிறம் மட்டும்தான் இருக்கும். குரலும் இசையும் ஓசைகளும் அதன்மேல் ஓடும். நோயாளியின் உடலை வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு அவர் எதையும் காட்டவில்லை. அடுத்த வருடம் போய்ச் சேர்ந்தார்.

இவர்களுக்குப் பார்வையாளரின் இரக்கம் தேவைப்படவில்லை. தங்கள் நண்பர்களையும் காதலர்களையும் எங்காவது பதிந்து வைத்துவிட வேண்டும் என்ற அவசரம் இருந்தது. அதனால்தான் இந்தப் படங்களில் காதல் வெறும் பணிவிடையாகச் சுருங்கவில்லை.

அந்த வரிசையில் என்னை அதிகம் பாதித்தது 'லாங்டைம் கம்பேனியன்'. நார்மன் ரெனே இயக்கியது, 1990இல் திரையரங்குகளுக்கு வந்தது. அமெரிக்கப் பத்திரிகைகளின் இரங்கல் குறிப்புகளில், இறந்த ஆணின் காதலரை அந்த வார்த்தை சொல்லித்தான் போடுவார்கள், நெடுநாள் தோழர் என்று. கதை 1981 ஜூலையில், தன்பாலீர்ப்பாளர்களிடையே அபூர்வப் புற்றுநோய் என்று நியூயார்க் டைம்ஸில் செய்தி வந்த நாளில் தொடங்குகிறது. நண்பர்கள் அதைப் போனில் ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுகிறார்கள். சிலர் சிரிக்கிறார்கள். பிறகு வருடத்துக்கு ஒரு நாள் என்று படம் தாவித்தாவிப் போகிறது. ஒவ்வொரு தாவலிலும் யாராவது ஒருவர் குறைகிறார்.

அதில் டேவிட், ஷான் என்று ஒரு ஜோடி. ஷான் தொலைக்காட்சித் தொடர்களுக்குக் கதை எழுதுகிறவன். நோய் அவன் மூளையைத் தொட்டுவிட்டது. கடைசி நாளில் டேவிட் நர்ஸை வெளியே அனுப்பிவிட்டுக் கட்டில் ஓரம் உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, போய்விடு, பரவாயில்லை, போய்விடு என்று மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொல்கிறான். டேவிட்டாக நடித்த புரூஸ் டேவிசன் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். கட்டிலோரக் காட்சிதானே, மேலே குறை சொன்னீர்களே என்று கேட்கலாம். வித்தியாசம் இருக்கிறது. இவர்கள் எப்படிச் சேர்ந்து வாழ்ந்தார்கள், கடற்கரை வீட்டில் எப்படிக் கூத்தடித்தார்கள், ஒருவரையொருவர் எப்படிச் சீண்டினார்கள் என்று நமக்கு ஏற்கெனவே தெரியும். போகலாம் என்று உத்தரவு கொடுக்கிற உரிமை அந்த வாழ்க்கையிலிருந்து வருகிறது.

1993இல் வந்த 'பிலடெல்பியா' இதற்கு நேர்மாறு. எய்ட்ஸ் வந்ததால் வேலையிலிருந்து நீக்கப்பட்ட வழக்கறிஞராக டாம் ஹாங்க்ஸ், அவருக்காக வாதாடுகிறவராக டென்சல் வாஷிங்டன். படம் உலகம் முழுக்கப் போனது, ஹாங்க்ஸுக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்தது. பயத்தைக் காட்டுவதில் இந்தப் படம் மிகக் கெட்டிக்காரத்தனமானது. வாஷிங்டனின் அலுவலகத்தில் ஹாங்க்ஸ் கைகுலுக்கிவிட்டு, எனக்கு எய்ட்ஸ் என்கிறார். வாஷிங்டன் பின்வாங்குகிறார். அதன்பின் அவர் கண் ஹாங்க்ஸின் விரல்கள் மேசையில் எதையெதைத் தொடுகின்றன என்பதையே பின்தொடர்கிறது. கேமராவும் அவர் கண்ணோடு போகிறது. நாமும் அந்தப் பொருட்களைச் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்குகிறோம். அங்கேதான் படம் நம்மைக் கையும் களவுமாகப் பிடிக்கிறது.

ஆனால் காதல்? ஹாங்க்ஸின் துணைவனாக அந்தோனியோ பாந்தேராஸ் வருகிறார். ட்ரிப் ஏற்றுகிறார், கவலைப்படுகிறார், நீதிமன்றத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு விருந்தில் இருவரும் மெதுவாக ஒரு நடனம் ஆடுகிறார்கள். காதல் கிட்டத்தட்ட அதோடு நின்றுவிடுகிறது. பெரிய கூட்டம் பார்க்க வேண்டும் என்பதற்காக ஆசையைத் துடைத்துவிட்டு அன்பை மட்டும் மிச்சம் வைத்தார்கள். அன்றைக்கு அந்தக் கூட்டம் பார்த்ததால் நன்மையும் விளைந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பிறகு வந்த பல படங்களுக்கு, இந்தியப் படங்களுக்கும் சேர்த்து, இதுவே முன்மாதிரியானது. எச்ஐவி உள்ளவர் கண்ணியமானவராக, அநீதி இழைக்கப்பட்டவராக, தைரியசாலியாக இருக்கலாம், படுக்கையறைக்கு மட்டும் அவருக்கு அனுமதி இல்லை என்று ஆகிவிட்டது.

பாவியும் அப்பாவியும்

அடுத்து கவனிக்க வேண்டியது, வைரஸ் எப்படி வந்தது என்பதைப் படம் எப்படிச் சொல்கிறது என்பது. நம் ஊர்ப் படங்களில் இதற்கு இரண்டு பெட்டிகள் தயாராக இருக்கும். கண்ட இடத்துக்குப் போனவனுக்கு வந்தால் அது தண்டனை. ரத்தம் ஏற்றியதாலோ கணவனிடமிருந்தோ வந்தால் அது விதி, பாவம் அந்தப் பெண். பெட்டி முடிவானதும் யாருக்காக அழ வேண்டும், யாருக்காக அழத் தேவையில்லை என்பதும் முடிவாகிவிடும்.

தமிழ்நாட்டில் 2000களின் தொடக்கத்தில் சுவர் சுவராக ஒட்டப்பட்ட 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' விளம்பரம் பலருக்கு நினைவிருக்கும். எச்ஐவி பற்றி ஊரையே பேசவைத்தது, ஆணுறை பற்றிப் பேசுவதைச் சகஜமாக்கியது. அந்தப் பெயரே கேலிப் பெயராகவும் மாறிவிட்டது. 2007இல் சாமி இயக்கிய 'மிருகம்' தண்டனைப் பெட்டியில் வரும் படம். ஆதி நடித்த கதாநாயகன் முரடன், பெண்கள் விஷயத்தில் கட்டுப்பாடு இல்லாதவன். எய்ட்ஸ் வருகிறது, உடல் அழுகுகிறது. அவன் அடித்து நொறுக்கிய மனைவி, பத்மப்ரியா, அவனை ஒதுக்காமல் பார்த்துக்கொள்கிறாள். பத்மப்ரியாவின் நடிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நோய் இங்கே ஒரு தீர்ப்பு. மனைவியின் பொறுமை அந்தத் தீர்ப்புக்கு மேல் போடும் மாலை. அவளுக்கு என்ன வேண்டும், அவள் உடலுக்கு என்ன ஆகும் என்ற கேள்விகள் பின்னால் போய்விடுகின்றன. தமிழ்நாட்டில் கணவனிடமிருந்து தொற்று வந்து, அவர் போன பிறகு பிள்ளைகளோடு தனியாக நின்ற பெண்கள் எத்தனையோ பேர். அவர்கள் கதை இன்னும் சரியாகப் படமாகவில்லை.

நடிகை ரேவதி இயக்கிய இந்திப் படம் 'ஃபிர் மிலேங்கே' (2004) இந்த இரண்டு பெட்டிகளையும் தாண்ட முயன்றது. ஷில்பா ஷெட்டி விளம்பர நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிறவள். கல்லூரிக் காலக் காதலனைப் பல வருடம் கழித்துச் சந்திக்கிறாள், நெருங்குகிறாள், தொற்று வருகிறது, வேலை போகிறது. வழக்கின் சாயல் 'பிலடெல்பியா'விலிருந்து வந்தது. ஆனால் ரேவதி ஒன்றைத் துணிந்து செய்தார். கல்யாணம் ஆகாத ஒரு பெண் தான் விரும்பிய ஆணோடு இருந்தாள், அதற்காக அவளைப் படம் திட்டவில்லை. அவனை வில்லனாக்கவும் இல்லை. அந்த ஆணாக நடித்தவர் சல்மான் கான், அன்றைக்கு அது சின்ன விஷயமில்லை. கதையில் அவள் நீதிமன்றத்தில் போராடிக் கேட்கும் நியாயம் பிறகு சட்டமாகவே வந்தது. எச்ஐவியைக் காரணம் காட்டி ஒருவரை வேலையிலிருந்து நீக்குவது இன்று 2017ஆம் ஆண்டின் எச்ஐவி, எய்ட்ஸ் சட்டப்படி தடைசெய்யப்பட்ட பாகுபாடு.

அடுத்த வருடமே ஓனிர் இயக்கிய 'மை பிரதர் நிகில்' வந்தது. இதன் பின்னால் கோவாவைச் சேர்ந்த டொமினிக் டிசோசா என்ற உண்மை மனிதர் இருக்கிறார். ரத்ததானம் செய்தபோது அவருக்கு எச்ஐவி இருப்பது தெரியவந்தது. 1989இல் போலீஸ் வந்து அழைத்துப்போய், கோவாவின் பொதுச் சுகாதாரச் சட்டத்தைக் காட்டி, ஒரு காசநோய் விடுதியில் 64 நாள் தனியாக அடைத்துவைத்தார்கள். அவர் வழக்குப் போட்டார், எச்ஐவி உள்ளவர்களுக்காக அமைப்பு தொடங்கினார், 1992இல் இறந்தார். படத்தில் அவர் நிகில் என்ற நீச்சல் வீரராக மாறுகிறார். சஞ்சய் சூரி நடித்திருக்கிறார். அக்காவாக ஜூஹி சாவ்லா. காதலன் நைஜலாக பூரப் கோலி.

இறந்த நிகிலைப் பற்றி வீட்டாரும் நண்பர்களும் கேமராவைப் பார்த்துப் பேசுவதாகப் படம் அமைந்திருக்கிறது. பெற்றோர் குற்ற உணர்ச்சியோடு பேசுகிறார்கள், அக்கா கோபத்தோடு பேசுகிறாள். நைஜல் பேசும்போதுதான் எனக்குத் தொண்டை அடைத்தது. மனைவி என்றால் ஊரே துக்கம் கேட்க வந்திருக்கும், இவனுக்கு அந்த உரிமை இல்லை. அவர்கள் காதலைப் படம் விளக்கிக்கொண்டிருப்பதில்லை, மன்னிப்புக் கேட்பதும் இல்லை. வீட்டில் மற்ற ஜோடிகள் இருப்பதைப் போல இருக்கிறார்கள். ஆண்களுக்கிடையேயான உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு அன்று நடைமுறையில் இருந்தது, உச்ச நீதிமன்றம் அதைத் தளர்த்தியது 2018இல்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் இந்தச் சாதாரணத்தனம் எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

ரத்தம் விற்ற கிராமம்

சீனாவின் ஹெனான் மாகாணத்தில் 1990களில் ஏழை விவசாயிகள் ரத்தம் விற்றுப் பிழைத்தார்கள். வாங்கியவர்களுக்குத் தேவை ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் பிளாஸ்மா மட்டும். பலருடைய ரத்தத்தை ஒன்றாகக் கலந்து, பிளாஸ்மாவை எடுத்துக்கொண்டு, மிச்சமான சிவப்பணுக்களை மறுபடி அவர்களுக்கே ஏற்றினார்கள். அடிக்கடி விற்கலாம், சோர்வு தெரியாது என்று இதை ஒரு வசதியாகச் சொன்னார்கள். ஒருவருக்கு எச்ஐவி இருந்தால் அந்தக் கலவை போன எல்லோருக்கும் அது போனது. ஊர் ஊராகச் செத்தார்கள். அதை வெளியே கொண்டுவந்த டாக்டர் காவ் யாவ்ஜியே அரசின் தொல்லை தாங்காமல் முதிய வயதில் நாட்டை விட்டே போக வேண்டியிருந்தது.

இந்தப் பின்னணியில், யான் லியாங்கேவின் நாவலைத் தழுவி, 2011இல் கு சாங்வெய் எடுத்த படம் 'லவ் ஃபார் லைஃப்'. தொற்று வந்தவர்களை ஊர் ஒதுக்க, அவர்கள் மூடிக்கிடக்கும் பள்ளிக்கூடத்தில் ஒன்றாக வாழ்கிறார்கள். அங்கே ஆரோன் குவாக்கும் ஜாங் சியீயும் காதலிக்கிறார்கள். இருவருக்கும் ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது, இருவர் வீட்டிலும் இவர்களைத் தொட ஆளில்லை. இருப்பது இன்னும் கொஞ்ச காலம், அந்தக் கொஞ்ச காலத்துக்கு முறைப்படி புருஷன் பெண்டாட்டியாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள். விவாகரத்துக்கும் கல்யாணச் சான்றிதழுக்கும் அலைகிறார்கள். கையில் கிடைத்ததும் அவள் அதை உரக்க வாசித்துப் பார்க்கிறாள். பின்னொரு நாள் அவனுக்குக் காய்ச்சல் கொதிக்கிறது. அவள் பச்சைத்தண்ணீரில் தன் உடம்பை நனைத்துக் குளிர வைத்துக்கொண்டு வந்து அவன்மேல் படுக்கிறாள். கட்டிலோர ஈரத்துணிதான் இங்கேயும். ஆனால் துணியாக ஆவது அவள் உடம்பு, அதில் பணிவிடையும் ஆசையும் பிரிக்க முடியாமல் இருக்கின்றன. படத்தில் மிகை உணர்ச்சி உண்டு, சில இடங்களில் பாட்டும் பூவும் அளவுக்கு மீறிப் போகின்றன. இருந்தும் சாகப்போகிறவர்களை இவ்வளவு உயிர்ப்போடு காட்டிய படம் எனக்கு வேறு நினைவில் இல்லை. எச்ஐவி உள்ளவர்கள் சிலரும் இதன் படப்பிடிப்பில் சேர்ந்து வேலை செய்தார்கள். மற்ற குழுவினர் அவர்களோடு பழகியதை 'டுகெதர்' என்ற ஆவணப்படமாக ஜாவ் லியாங் எடுத்தார்.

தென்னாப்பிரிக்காவின் 'யெஸ்டர்டே' (2004) இன்னும் மௌனமானது. ஜூலு மொழிப் படம். யெஸ்டர்டே என்பது கதாநாயகியின் பெயர், நடித்தவர் லெலெட்டி குமாலோ. கணவன் ஜோகன்னஸ்பர்க் சுரங்கத்தில் வேலை செய்கிறான். தனக்குத் தொற்று என்று தெரிந்து அவனிடம் சொல்லப் போனால் அடி விழுகிறது. பிறகு அவனே நோயோடு வீடு திரும்புகிறான். ஊர் அவனை வைத்துக்கொள்ள மறுக்கிறது. அவள் ஊருக்கு வெளியே தகரத்தைச் சேர்த்து அவனுக்கு ஒரு கொட்டகை கட்டுகிறாள். 'மிருகம்' படத்தின் மனைவியும் இவளும் ஒன்றுதானே என்று தோன்றும். இவளுக்கென்று ஒரு ஆசை இருக்கிறது. மகள் பள்ளிக்கூடம் போவதைப் பார்க்க வேண்டும், அதுவரை செத்துப்போகக் கூடாது. அவள் செய்யும் ஒவ்வொரு காரியமும் அந்தக் கணக்கிலிருந்து வருகிறது. அடித்தவனை ஏன் பார்த்துக்கொள்கிறாள் என்று படம் விளக்குவதில்லை. அதைப் பற்றி எனக்கு இன்றும் முழுச் சம்மதம் இல்லை.

ஏன் எல்லோரும் பழைய காலத்துக்கே போகிறார்கள்?

2013இல் 'டாலஸ் பையர்ஸ் கிளப்', 2017இல் பிரெஞ்சுப் படம் '120 பிபிஎம்', 2021இல் பிரிட்டிஷ் தொடர் 'இட்ஸ் எ சின்'. மூன்றும் பெரிய அளவில் பேசப்பட்டவை, மூன்றும் கூட்டுச் சிகிச்சைக்கு முந்தைய காலத்தில் நடப்பவை. இது தற்செயல் இல்லை. கதைக்குக் காலக்கெடு வேண்டும். அந்தக் காலத்து எய்ட்ஸ் கெடுவைத் தானே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறது. இன்றைக்கு எச்ஐவி என்பது தினமும் ஒரு மாத்திரை, ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு ரத்தப் பரிசோதனை. கேமராவுக்கு முன்னால் அதில் என்ன நடக்கும் என்று திரைக்கதை எழுதுகிறவர் யோசிக்கிறார். இதன் விளைவு பார்வையாளரிடம் தெரிகிறது. மருத்துவம் எங்கேயோ போய்விட்டது, நம் மனதிலுள்ள எய்ட்ஸ் மட்டும் 1985லேயே நிற்கிறது.

பழைய காலத்துக்குப் போனாலும் நேர்மையாகப் போகலாம் என்பதற்கு '120 பிபிஎம்' சாட்சி. இயக்கிய ரோபின் காம்பியோ பாரிஸில் ஆக்ட் அப் என்ற எய்ட்ஸ் போராட்ட இயக்கத்தில் இருந்தவர். மருந்து நிறுவனங்களுக்குள் புகுந்து போலி ரத்தத்தை வீசி, ஆராய்ச்சி முடிவுகளை வெளியிடு என்று கேட்டவர்கள் அவர்கள். கேன்ஸில் இந்தப் படம் கிராண்ட் பிரீ வாங்கியது. வாராந்தரக் கூட்டத்தில் யாராவது நன்றாகப் பேசினால் கைதட்ட மாட்டார்கள், பேச்சு தடைபடாமல் இருக்க விரலைச் சொடுக்குவார்கள். அந்தச் சொடுக்குச் சத்தத்துக்கு நடுவில்தான் ஷானும் நாத்தனும் சந்திக்கிறார்கள். ஷானுக்குத் தொற்று உண்டு, நாத்தனுக்கு இல்லை. முதல் இரவில் ஆணுறை, பயம், பழைய காதலர்கள், யாரிடமிருந்து எப்போது வந்தது என்று எல்லாவற்றையும் படுக்கையிலேயே பேசிக்கொள்கிறார்கள். பேச்சு ஆசையைக் கெடுப்பதில்லை, கூட்டுகிறது. ஷான் படுக்கையில் விழுந்த பிறகும், ஆஸ்பத்திரியிலும், நாத்தன் அவனை ஆசையோடு தொடுகிறான். ஷான் இறந்த பிறகு அவன் அஸ்தியைக் காப்பீட்டு நிறுவனங்களின் விருந்து மேசையில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். இறந்தவனே கேட்டது அது. இந்தப் படத்தில் யாரும் வெறும் நோயாளி இல்லை, கடைசி மூச்சு வரைக்கும் அவர்கள் போராளிகள், வம்பு பேசுகிறவர்கள், காதலர்கள்.

இன்றைய வாழ்க்கையைக் காட்டிய படத்துக்கு நாம் பாரிஸ் போக வேண்டியதில்லை. சென்னை போதும். 1986இல் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகள் சென்னையில்தான் கண்டுபிடிக்கப்பட்டன. டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சிஎம்சியில் பரிசோதிக்கப்பட்டன. சுனிதி பிறகு ஒய்ஆர்ஜி கேர் மையத்தைத் தொடங்கி வாழ்நாள் முழுவதும் எச்ஐவி உள்ளவர்களோடு இருந்தார், 2015இல் இறந்தார். 2004 ஏப்ரல் 1 முதல் அரசு இலவசமாக ஏஆர்டி என்ற கூட்டுச் சிகிச்சை மருந்து கொடுக்கத் தொடங்கியது, தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரி முதல் மையங்களில் ஒன்று. ஆட்கள் பிழைத்தார்கள். பிழைத்தவர்களுக்கு வயது இருபத்தைந்து, முப்பது. வீட்டில் கேட்பார்களே, எப்போது கல்யாணம் என்று?

பிரியா கிரி தேசாயும் ஆன் எஸ். கிம்மும் எடுத்து 2017இல் வந்த 'லவ்சிக்' என்ற ஆவணப்படம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. சுனிதி தன்னிடம் சிகிச்சை பெறுகிறவர்களுக்கு வரன் பார்த்துக் கொடுக்கிறார். படிப்பு, சம்பளம், மதம் என்று எல்லா வீட்டிலும் பார்ப்பதைத்தான் இங்கேயும் பார்க்கிறார்கள். கூடவே சிடி4 எண்ணிக்கையும், வைரல் லோடு என்கிற ரத்தத்திலுள்ள வைரஸின் அளவும் பார்க்கப்படுகின்றன. பெண் பார்க்க வருகிறவர்கள் கூச்சப்படுகிறார்கள், வேண்டாம் என்கிறார்கள், நேரம் கேட்கிறார்கள். இவர்களுக்கு எச்ஐவி இருக்கிறது என்பதே கொஞ்ச நேரத்தில் மறந்து, இந்த இடம் அமையுமா அமையாதா என்ற பதற்றம் நம்மைப் பிடித்துக்கொள்கிறது. தினம் ஒரு மாத்திரையில் என்ன கதை இருக்கிறது என்று கேட்ட திரைக்கதை ஆசிரியருக்கு அந்தப் பதற்றத்தைக் காட்டலாம். குழந்தை பெறலாமா என்பது அடுத்த கேள்வி. தாய் கர்ப்ப காலத்திலேயே மருந்து எடுத்துக்கொண்டால் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பை மிகமிகக் குறைத்துவிட முடியும். மாமியாரிடம் சொல்வதா, மாத்திரையை எந்த டப்பாவில் வைப்பது, ஊருக்குப் போகும்போது யார் கண்ணிலும் படாமல் எப்படிச் சாப்பிடுவது என்பதெல்லாம் ஒரு தமிழ்ப் படத்துக்கு வேண்டிய எல்லா நாடகமும் நிறைந்த விஷயங்கள்.

புதிதாகப் பார்க்கிறவர்கள் 'மை பிரதர் நிகில்' படத்திலிருந்து தொடங்கலாம். மனிதர்கள் பழகியவர்களாக இருப்பார்கள், புரிந்துகொள்ளச் சிரமம் இருக்காது. அடுத்து 'லாங்டைம் கம்பேனியன்', பிறகு '120 பிபிஎம்'. இந்த மூன்றாவதை வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து பார்க்க முடியாது, தனியாகப் பாருங்கள். நடுவில் 'லவ்சிக்' பார்த்துவிட்டால் இன்றைய நிலைமை மனதில் நிற்கும், பழைய படங்களின் சாவைப் பார்த்து இன்றைக்குப் பயப்பட மாட்டீர்கள். 'பிலடெல்பியா'வைக் கடைசியில் வையுங்கள். அதற்குள் மற்ற ஜோடிகளோடு நன்றாகப் பழகியிருப்பீர்கள், ஹாங்க்ஸும் பாந்தேராஸும் ஆடும் அந்த நடனத்துக்கு முன்னும் பின்னும் எவ்வளவு விட்டுவிட்டார்கள் என்பது தானாகவே தெரிந்துவிடும்.